தண்ணீர் படாத சுவர்

பிளாக் ஹென் தங்கச் சுரங்கம் லோர்னா டிரெவாஸ்கிஸுக்குப் புகுந்த வீடு அல்ல, பிறந்த வீடு. அவளுடைய அப்பா அதற்குள் வேலை பார்த்தார், அதற்குள்ளேயே செத்தும் போனார். அதெல்லாம் தெரிந்திருந்தும் அவள் கட்டிக்கொண்டது இன்னொரு சுரங்கக்காரனை. கேட்டால், "மியூல் ரிட்ஜ்ல வேற என்ன ஆம்பள இருக்கான்? ஒண்ணு சுரங்கக்காரன், இல்லாட்டி சாராயக்கடைக்காரன். இவனாவது பகல்ல வீட்ல இருக்க மாட்டான்" என்பாள்.

நாற்பத்தேழு வயதில் அவளும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமைதோறும் சுரங்கம் பார்க்க வருகிறவர்களுக்குத் தலையில் தொப்பியும் விளக்கும் மாட்டி உள்ளே கூட்டிப்போய், போன தலைகளெல்லாம் திரும்பி வரும்படி பார்த்துக்கொள்வது அவள் வேலை. மற்ற ஊர்களில் மூடிப்போன சுரங்கத்தைத்தான் காட்டுவார்கள். பிளாக் ஹென்னில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெடி வைப்பார்கள், சனிக்கிழமை காலையில் வெடித்துத் திறந்த அந்தப் புதுப் பாறைச்சுவரையே போய்ப் பார்க்கலாம். அதற்காகவே சாக்ரமென்டோவிலிருந்தும் ஃப்ரெஸ்னோவிலிருந்தும் ஆட்கள் மலையேறி வருவார்கள்.

அந்த மலையில் தங்கம் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. மாதக்கணக்கில் வெள்ளைக் கல்லை உடைத்துக்கொண்டே போகலாம், பேருக்கு ஒரு மினுக்கம் இருக்காது. பிறகு திடீரென்று ஒரே இடத்தில் முடிச்சு முடிச்சாக நிற்கும். சாப்பாட்டு டப்பாவுக்குள் அடங்குகிற அளவுதான், ஆனால் ஒரு குடும்பத்துக்கு வருஷக்கணக்கில் சோறு போடும். அப்படி முடிச்சைக் கண்டவன் முதலில் செய்வது, அடுத்தவன் கண்ணில் படாமலிருக்க, தரையிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளி அதன்மேல் அப்புவதுதான். பிறகு முதலாளியிடம் போய்ச் சொல்ல வேண்டும். அப்புவது தப்பில்லை, சொல்லாமல் விடுவதுதான் தப்பு. அந்தத் தப்பையும் ஊர் பாதி மன்னித்துவிடும். மியூல் ரிட்ஜில் சில வீடுகளின் புதுக் கூரை எப்படி வந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஊர் மன்னிக்காத தப்பு வேறு ஒன்று உண்டு. வெடித்துப் புகை அடங்கியதும், வெடி வைத்தவன்தான் முதலில் உள்ளே போக வேண்டும். போனவன் வேறு எதையும் தொடாமல் ஹோஸைப் பிடித்துச் சுவர் முழுக்கத் தண்ணீர் அடிக்க வேண்டும். தூசி கழுவிப்போன சுவரில்தான் எந்தக் குழி வெடித்தது, எது வெடிக்காமல் வெடிமருந்துத் தோட்டாவை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். எல்லாம் சரி என்றால், அந்தக் கிளைப் பாதையின் வாயில் நிற்கும் மரத்தூணில் சாக்பீஸால் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டு வருவான். கழுவினேன், பார்த்தேன், தைரியமாக வா என்று அதற்கு அர்த்தம். அந்த எழுத்தைப் பார்க்காமல் எவனும் உள்ளே கால் வைக்க மாட்டான், பார்த்துவிட்டால் எவனும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டான்.

அந்த ஜூலை சனிக்கிழமை தூணில் அவள் புருஷன் ஹாலிஸின் எழுத்து இருந்தது. லோர்னா அதைப் பார்த்தாள், ஆறு பேரை அழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆறு பேரில் ஐந்து பேர் சாது. ஆறாவது ஆள் பர்டெட் என்று ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாசலிலிருந்தே அவர் வாய் ஓயவில்லை.

"ஏம்மா, நான் ஆயுசு பூரா ஜனங்க வாயில தங்கம் வச்சு அடைச்சவன். அது எங்கிருந்து வருதுன்னு இன்னிக்காவது காட்டுவியா?"

"காட்டறேன் டாக்டர். ஆனா இந்த வாய் கொஞ்சம் பெருசு. கடிச்சா விடாது."

எல்லாரும் சிரித்தார்கள். கிளைப் பாதை முடிகிற இடத்தில், நேற்று உடைந்த கல் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதற்குப் பின்னால் முட்டுச்சுவர். லோர்னா வழக்கம்போல விளக்கைத் தூக்கிச் சுவரைக் காட்டப் போனவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

சுவரின் இடது பக்கம், நெஞ்சு உயரத்தில், முறத்தளவுக்குச் சேறு அப்பியிருந்தது.

சேறு தரையில் கிடக்கும், காலில் ஒட்டும், நெஞ்சு உயரத்துக்குத் தானாக ஏறாது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலில் அவளுக்குள் எழுந்தது சந்தோஷம்தான், அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஏழு மாதமாக வெறும் கல். அடுத்த நொடியே நேற்று ராத்திரிச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. ஹாலிஸ் இரண்டு தரம் உருளைக்கிழங்கு வாங்கிச் சாப்பிட்டான், பேஸ்பால் பார்த்தான், நாய்க்குச் சோறு வைத்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளிடம் சொல்லாதவன் முதலாளியிடம் சொல்லியிருப்பானா? சொல்லியிருந்தால் காலையில் முதலாளி ரட்டக் தன் ஆபீஸ் கொட்டகைக்கும் சுரங்க வாசலுக்கும் இடையே குதித்துக்கொண்டு அல்லவா நடந்திருப்பார்.

இருபத்தாறு வருஷமாக அவன் ஒரு துணுக்குக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பெருமை இப்போது சேற்றோடு போயிற்று. ஆனாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதானே. அவள் என்ன செய்தாள்? தலையை வலது பக்கம் திருப்பினாள். அவள் விளக்கும் திரும்பியது. சேறு இருந்த மூலை இருட்டாகிவிட்டது.

"இந்தப் பக்கம் வாங்க எல்லாரும். இந்தக் கோடு தெரியுதா? கல்லு மாறுது பாருங்க. சுவத்துகிட்டப் போகாதீங்க, குவியல்லயே தேடுங்க. ஆளுக்கு ஒரு கல்லு எடுத்துக்கலாம். வயர்த்துண்டு கிடந்தா அதையும் எடுத்துக்கலாம், போன வாரம் ஒரு அம்மா மோதிரம் பண்ணிப் போட்டுக்கிட்டுப் போனாங்க."

ஒவ்வொரு வெடிக்குழியிலிருந்தும் இரண்டு மெல்லிய மஞ்சள் வயர்கள் வெளியே வரும். வெடித்த பிறகு அவை துண்டு துண்டாகத் தரையெல்லாம் கிடக்கும். வந்தவர்களுக்கு அதில் அப்படி ஓர் ஆசை. ஐந்து பேர் குனிந்து பொறுக்கினார்கள். லோர்னா ஏதேதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள், என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். கனம் அவள் மடியில்கூட இல்லை, பயம் மட்டும் அவளுடையதாக இருந்தது.

"லோர்னாம்மா, இங்க ஒண்ணு முளைச்சிருக்கு."

பர்டெட்டின் குரல் இடது மூலையிலிருந்து வந்தது. அவள் திரும்பினாள். அந்த மனுஷர் குவியல்மேல் ஏறிச் சேற்றுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சேற்றின் அடி ஓரத்திலிருந்து ஒரு ஜோடி மஞ்சள் வயர் நீட்டிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷம் பல் பிடுங்கிய கை, நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் சும்மா இருக்குமா? ஒரு வயரை ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, மெதுவாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரையில் கிடக்கிற வயர் செத்த வயர். சுவருக்குள்ளிருந்து வந்து, இழுத்தால் வராமல் இறுகி நிற்கிற வயரின் மறுமுனையில் வெடியைப் பற்றவைக்கிற டெட்டனேட்டர் இருக்கிறது. அதைச் சுற்றித் தோட்டாக்கள் இருக்கின்றன.

அப்போதுதான் லோர்னா சுவரின் மற்ற பாகத்தையும் பார்த்தாள். மாவு தூவியதுபோல் எங்கும் வெள்ளைத் தூசி. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்ட சுவரல்ல அது. உள்ளே வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அவள் கண்ணும் சேற்றுக்குத்தான் போயிருந்தது, சேற்றுக்குப் பின்னால் இருக்கிற தங்கத்துக்குத்தான் போயிருந்தது.

அவள் அப்பாவும் இப்படி ஒரு குழியால்தான் போனார். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. சவப்பெட்டியைத் திறந்து காட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். கத்தினால் டாக்டர் திடுக்கிடுவார், திடுக்கிட்டால் கை இழுக்கும்.

"டாக்டர்," என்றாள், கடையில் மளிகை கேட்கிற குரலில். "பல்லு ஆடுதா?"

"ஆடவே இல்லம்மா. கெட்டியா இருக்கு."

"அப்ப வேர் பலமா இருக்கு. அத நான் பாத்துக்கறேன். நீங்க கையத் தளத்துங்க. இழுக்காதீங்க, தள்ளாதீங்க. அப்படியே மரம் மாதிரி நில்லுங்க."

"ஏன், என்ன..."

"பேசாதீங்க டாக்டர். உங்க நாற்காலியில உக்காந்தவங்ககிட்ட நீங்க என்ன சொல்வீங்க? வாய மூடாதீங்கன்னு. நான் மூடுங்கங்கறேன்."

கல்குவியல் காலடியில் சரிந்தது. ஒரு கல் உருண்டு சுவரில் மோதினால்கூடப் போதும். ஒவ்வொரு அடியையும் அழுத்திப் பார்த்துப் பார்த்து வைத்தாள். பர்டெட் அதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார், அவர் முகமும் வெளுத்துவிட்டது. கை நடுங்கியது, வயரும் கூடவே நடுங்கியது. லோர்னா தன் இடது கையால் அவர் மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் விரலிலிருந்து ஒரு சுற்றைக் கழற்றினாள். வயர் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது சுற்றையும் கழற்றினாள். மின்சாரம் எதுவும் உள்ளே பாயாதபடி இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று முறுக்கிச் சுவரோடு படிய விட்டாள். அப்பா போன பிறகு அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே சுரங்க வேலை அதுதான்.

"எல்லாரும் வெளிய போலாம். இங்க காத்து சரியில்ல. ஓடாதீங்க, முன்னாடி போறவங்க பின்னாடி வர்றவங்களப் பாத்துக்கிட்டே போங்க."

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. ஆறு தலைகளும் வந்து சேர்ந்தன. பர்டெட் கல்வண்டித் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்து தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஹாலிஸ் நின்றான். சனிக்கிழமை அவனுக்கு விடுமுறை, வருகிற வழக்கமில்லை. லோர்னாவைத் தனியே இழுத்துக்கொண்டு போய், காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் நிறுத்திக் கேட்டான்.

"பாத்துட்டாங்களா?"

அவன் கேட்டது அதுதான். அவள் நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது, முழங்கை வரை வெள்ளைத் தூசி அப்பியிருந்தது. அவன் கண்ணில் அதெல்லாம் படவில்லை.

"உன் சேத்துக்கு அடியில ஒரு குழி வெடிக்காம இருக்கு ஹாலிஸ்."

"என்னது?"

"வயரு வெளிய நிக்குது. அந்தாளு விரல்ல சுத்தி இழுத்துக்கிட்டு இருந்தாரு. நான் பக்கத்துல நின்னேன்."

ஹாலிஸ் சுரங்க வாசலைத் திரும்பிப் பார்த்தான். இயந்திரத்தின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். பிறகு எழுந்தான்.

"நான் இப்பவே தனியாப் போயி முடிச்சுடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"வெடிக்காத குழிகிட்டத் தனியாப் போறவன் உண்டா? முதலாளிகிட்டச் சொல்லணும்."

"சொன்னா சேறு எதுக்குன்னு கேப்பாரு. என் பேரு போயிடும் லோர்னா."

"போகட்டும்," என்றாள் அவள். கொட்டகையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அவன் பார்க்கும்படி அழக் கூடாது என்பதற்காகவே வேகமாக நடந்தாள்.

ஆர்வில் ரட்டக்குக்கு எழுபது வயது. கெட்ட மனுஷரில்லை, கையிருப்பு இல்லாத மனுஷர். லோர்னா ஒன்றுவிடாமல் சொன்னதும் அவர் ஹாலிஸைத் திட்டக்கூட இல்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து வாசலில் உட்காரவைத்துவிட்டு, மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

ஹாலிஸ் ஹோஸைப் பிடித்தான். தண்ணீர் மெல்லத்தான் அடித்தான். தூசி வழிந்தது, சேறு கரைந்து இறங்கியது. மூன்று விளக்குகளும் ஒரே இடத்தில் விழுந்தன.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அவன் மறைத்தது அப்படித்தான். வெள்ளைக் கல்லுக்குள் தங்கம் கொத்துக் கொத்தாக, வேர் பின்னியதுபோல் பின்னிக்கொண்டிருந்தது. லோர்னா பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அதற்கு ஒரு சாண் கீழே குழி, குழியில் மஞ்சள் வயர்.

ரட்டக் ஒரு அடி முன்னால் வந்து குனிந்து பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்.

"ஹாலிஸ், உளி எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"இத அப்படியே கல்லோட பெயர்த்து எடுத்துடுவோம். அப்புறம் குழிய வெடிப்போம். இப்ப வெடிச்சா இதெல்லாம் பொடிப்பொடியாப் போயிடும்டா. பொடி வேற, இது வேற. இத மியூசியக்காரன் கையில குடுத்தா இந்தச் சுரங்கம் இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்."

"ஒரு சாண்ல தோட்டா இருக்கு முதலாளி."

"மெதுவாத் தட்டுவோம்."

"மெதுவாத்தான் எங்கப்பாவும் தட்டினாரு," என்றாள் லோர்னா. "உளி இந்தச் சுவத்துல பட்டா நான் இப்பவே கீழ போயி சுரங்க இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணுவேன். நீங்க எனக்குச் சம்பளம் குடுக்கறவரு, இருந்தாலும் பண்ணுவேன்."

ரட்டக் அவளைப் பார்க்கவில்லை. ஹாலிஸைத்தான் பார்த்தார். "நீ சொல்லுடா. நேத்து ராத்திரி பூரா இதத்தானே நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தே? இப்ப இதப் பொடியாக்கவா போறே?"

ஹாலிஸ் தங்கத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். லோர்னாவுக்கு அந்த நேரம்தான் வயர் விரலில் சுற்றியிருந்த நேரத்தைவிடக் கொடுமையாக இருந்தது. அவன் உளிக்குக் கையை நீட்டினால் இனி அவனோடு ஒரே மேஜையில் உட்கார முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டு பேரும் பாதை வளைவு தாண்டிப் போங்க," என்றான் ஹாலிஸ். "நான் வச்ச வெடி. நானே முடிக்கறேன்."

"ஹாலிஸ்!"

"போங்க முதலாளி. நீங்க இங்க நின்னா நான் வயரத் தொட மாட்டேன்."

அவர் போனார். கண்டபடி வைதுகொண்டே போனார். ஹாலிஸ் நீள வயரை இணைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து வந்தான், வளைவுக்கு இப்பால் வந்து, "வெடி! வெடி! வெடி!" என்று மூன்று தரம் கத்தினான். பேட்டரிப் பெட்டியின் பொத்தானை அழுத்தினான். தரை உதைத்தது, காதை அடைத்தது, புகை வளைவைத் தாண்டி முகத்தில் வந்து அறைந்தது. ரட்டக் சுவரோரமாக உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

புகை அடங்கியதும் ஹாலிஸ் மட்டும் உள்ளே போனான். ஹோஸிலிருந்து தண்ணீர் சுவரில் அடிக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

"திங்கக்கிழமையிலிருந்து நீ வர வேண்டாம்," என்று வாசலில் ரட்டக் சொன்னார். ஹாலிஸ் தலையாட்டினான். இரண்டு வாரம் கழித்து, வேறு ஆள் கிடைக்காமல், அவரே வந்து கூப்பிடத்தான் போகிறார். உளி கேட்டவர் எத்தனை நாள் கோபமாக இருக்க முடியும்? ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. சாயங்காலத்துக்குள் டிரெவாஸ்கிஸ் தங்கத்தை ஒளித்தான் என்று சாராயக்கடை வரைக்கும் போய்விட்டது.

வண்டியில் ஏறிய பிறகு ஹாலிஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"திருடணும்னு முடிவு பண்ணல லோர்னா. சத்தியமா. வேண்டாம்னும் முடிவு பண்ணல. பாத்ததும் தலை சுத்திடுச்சு. சேத்த அப்பினேன். தண்ணி அடிச்சா சேறு கரைஞ்சுடுமேன்னு..."

"தண்ணிய விட்டுட்டே."

"ஆமா."

"நீ அதத் திருடியிருந்தா ஒரு மாசம் உன்கூடப் பேசாம இருந்திருப்பேன்," என்றாள் லோர்னா. "அப்புறம் பேசியிருப்பேன். புதுக் கூரையும் போட்டிருப்பேன், ஊர்ல எல்லாரையும் மாதிரி. கழுவாத சுவத்துக்கு உன் பேர எழுதி வச்சியே, அத நான் என்ன பண்றது? உன் எழுத்தப் பாத்துத்தான் அந்த ஆறு பேரையும் உள்ள கூட்டிட்டுப் போனேன். நான் போனேன் ஹாலிஸ். நான்."

அவன் அழுதான். அவள் கையை நீட்டி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள், சாவியை வாங்கிக்கொண்டு தானே வண்டியை ஓட்டினாள்.

பிளாக் ஹென் மூடுகிற வரைக்கும், இன்னும் பதினொரு வருஷம், லோர்னா சனிக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிப்போனாள். தூணில் ஹாலிஸின் எழுத்து இருந்தாலும், வந்தவர்களை வளைவுக்கு இப்பாலேயே நிறுத்திவிட்டு, முதலில் தான் மட்டும் போய்ச் சுவர் முழுக்கத் தண்ணீர் அடித்துப் பார்ப்பாள். ஹாலிஸுக்கு அது தெரியும். அதைப் பற்றி அவன் ஒரு நாளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவனோடு சிரித்தாள், சண்டை போட்டாள், கடைசிக் காலத்தில் நெஞ்சுச் சளியில் அவன் படுத்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். அவன்மேல் அவளுக்கு இருந்த பிரியம் குறையவே இல்லை. அவன் எழுத்தை மட்டும் அவள் அப்புறம் நம்பவில்லை.